படித்தானா, ஒப்பித்தானா?

இரண்டாம் வகுப்புச் சிறுவனிடம் அவனது பாடநூலையே கொடுத்துப் படிக்கச் சொன்னால், தங்குதடையின்றிச் சொல்லிவிடுவான். படத்தைக் கையால் மறைத்து, வரியின் நடுவே ஒரு சொல்லைச் சுட்டினால் விழிப்பான். ஒப்பித்தல் வேறு, படித்தல் வேறு என்பதைத் தாமிரவருணிக் கரையின் திண்ணைப் பள்ளி ஆசிரியரும் அறிந்திருந்தார். நம் திட்ட அறிக்கைகளோ இன்னும் மையங்களையும் தன்னார்வலர்களையுமே எண்ணிக்கொண்டிருக்கின்றன.

பெருந்தொற்றால் ஏறத்தாழ பத்தொன்பது மாதம் பூட்டிக்கிடந்த தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில் திறந்தன. அதையொட்டி வந்தது ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர், பெரும்பாலும் அவ்வவ்வூர்ப் பெண்கள், அந்திவேளையில் பிள்ளைகளை அமர்த்திக் கற்பித்தனர். அம்முயற்சி அளந்து பார்க்கப்பட்டது என்பது தமிழ்நாட்டுக்குப் பெருமை. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலறிஞர்கள் நம் சிற்றூர்ச் சிறுவர் ஏறத்தாழ 19,000 பேரைச் சோதித்தனர். இழந்த கற்றலில் மூன்றில் இரு பங்கு ஆறே மாதத்தில் மீண்டிருந்தது. அம்மீட்சியில் இத்திட்டத்தின் பங்கு 24 விழுக்காடு.

இவ்வெண்ணை இரு திறத்தாரும் பிழைபடப் படிக்கின்றனர். முழு மீட்சியையும் திட்டத்தின் கணக்கில் எழுதுவோர், பள்ளி திறந்ததன் பயனை விழுங்கிவிடுகின்றனர். ‘கால் பங்குதானா’ என்று இகழ்வோர், இவ்வளவு சிறு செலவில் அது எத்துணை அரிது என்பதை மறக்கின்றனர்.

ஒப்பிடுவதற்கு இன்னொரு கூட்டம் இல்லாத அளவை, அளவையன்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரவருணிப் பள்ளத்தாக்கின் பல பிள்ளைகள் வீட்டோடு புத்தகத்தையும் இழந்தனர். அவ்வாண்டின் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் வைத்து ஒரு வகுப்பை எடைபோட்டால், ஆற்றின் குற்றம் ஆசிரியை தலையில் விழும். நல்ல மழையாண்டில் அதே கணக்கு அவருக்கு வீண்புகழும் தரும்.

‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் முறை நன்றே. எட்டு வயதுக்குட்பட்டோர் அனைவரும் 2025-க்குள் பிழையின்றிப் படிக்கவேண்டும் என்பது இலக்கு. அந்த ஆண்டு வந்து போய்விட்டது. கற்பிப்பவரே மதிப்பிட்டுப் பதிவேற்றும் வரையில், அரும்பு மலராவது செயலியில் எளிது. வகுப்புக்குத் தொடர்பில்லாத ஒருவர், பிள்ளை முன்பு கண்டிராத பத்தியைத் தந்து, தனியே அமர்த்திக் கேட்கவேண்டும். பயிற்சி நின்று ஆறு திங்கள் கழித்து மீண்டும் கேட்கவேண்டும். ல, ள, ழ மயங்குவது வேறு குறை. எழுத்துக்கூட்டவே தெரியாமை வேறு குறை. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் கரைப்பது மருத்துவரறியாமல் நோயை மறைப்பதற்கு ஒப்பாகும்.

எல்லாவற்றிலும் கடிது, வாராதோரைக் கணக்கிடுவது. 2005-06-இல் உத்தரப்பிரதேசத்து ஜவுன்பூரில் தன்னார்வலர் நடத்திய படிப்பு முகாம்களில், வந்த பிள்ளைகள் வியக்கத்தக்க வண்ணம் முன்னேறினர். ஆனால் வந்தவர்கள் அவ்வூர்ப் பிள்ளைகளில் நூற்றுக்கு எட்டுப் பேரே. நம் தாமிரவருணிப் பக்கத்து முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் தாய் பீடி சுற்றும் வீட்டில், அந்தி வகுப்பு நேரத்தில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறுமி வேண்டியிருக்கலாம். மையத்தின் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இராது. சோதிப்பவர் அவள் வீட்டுத் திண்ணைக்கும் சென்று, அந்தப் பத்தியை அவள் கையிலும் கொடுக்கவேண்டும்.