பட்டியல் எங்கே?

2006 ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டபோது திருகோணமலை மாவட்டம் முழுக்க அடிபட்ட பெயர் எழிலன். சின்னத்துரை சசிதரன் என்ற அவர், விடுதலைப் புலிகளின் மாவட்ட அரசியல்துறைப் பொறுப்பாளர். 2009 மே 18 அன்று வட்டுவாகலில் அவர் படையினரிடம் சரணடைந்ததற்கு, அப்போது அரச ஊழியராக இருந்த மனைவி அனந்தியே சாட்சி. அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் முன்னின்று பெயர்களைப் பதிந்தார், பிறகு எல்லோரையும் பேருந்துகளில் ஏற்றினார்கள் என்று அனந்தி 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு முன் சொன்னார். அந்தப் பாதிரியாரும் திரும்பவில்லை. 2013இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார் அனந்தி. கணவர் நல்லவர் என்பதல்ல அவர் வழக்கு. கையேற்றவர்கள் கணக்குக் காட்ட வேண்டும் என்பதே. அவருடைய போராட்டத்தின் வலிமை அங்கேதான் இருக்கிறது.

மாவிலாற்றுப் பக்கத்து மக்கள் இதைச் சும்மா விடமாட்டார்கள். ஏறத்தாழ 15,000 குடும்பங்களின் தண்ணீரைப் புலிகள் மறித்தபோது இந்த உரிமைப் பேச்சு எங்கே போனது என்று கேட்பார்கள். முழுக்க நியாயமான கேள்வி. தண்ணீரைப் போர்க்கருவி ஆக்கியதை எந்த விடுதலைக் கணக்கிலும் எழுத முடியாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் எழிலன் அல்லவா? அவரைக் காணாமல் ஆக்கியவர்கள் அனந்தியிடமிருந்து கணவரைப் பறித்தது போலவே, வயல் காய்ந்த விவசாயியிடமிருந்து விசாரணையையும் பறித்தார்கள். குற்றவாளிக்கு எதற்கு உரிமை என்பவர்கள், குற்றத்தை நிறுவும் இடமும் நீதிமன்றம்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அனந்தி கண்ணீரை வாக்காக்கினார் என்ற குற்றச்சாட்டும் உண்டு. 2013 வடமாகாண சபைத் தேர்தலில் அவர் பெற்ற விருப்பு வாக்குகள் 87,870. வாக்களிப்புக்கு முந்தைய நாள் அதிகாலை அவர் வீடு தாக்கப்பட்டது. வாக்களிப்பு நாளன்று, அவர் அரசு பக்கம் தாவிவிட்டதாகப் போலி ‘உதயன்’ பத்திரிகை ஊரெங்கும் பரவியது. கட்சி அரசியலில் அவர் எடுத்த முடிவுகளோடு முரண்படலாம், நானும் முரண்படுகிறேன். மனுவோ வாக்கில் நிற்கவில்லை, ஆவணத்தில் நிற்கிறது. சரணடைந்தோர் பட்டியல் இருக்கிறது என்று முல்லைத்தீவு நீதவான் மன்றில் படை அதிகாரியே சொன்னார். பிறகு வந்து சேர்ந்ததோ புனர்வாழ்வு பெற்றவர்களின் பட்டியல்.

இது வன்னியோடு முடிகிற கதையல்ல. 2008, 2009இல் கடத்தப்பட்ட 11 பேர் வழக்கில், திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்குள் இருந்த ‘கன்சைட்’ தடுப்பிடத்தின் பெயர் அடிபட்டது. ஐ.நா. பணிக்குழு 2015இல் அங்கே நேரில் போய்ப் பார்த்தது. கொழும்புப் பக்கத்தில் பிடிபட்டவர்கள் துறைமுகத்து நிலவறைக்கு எந்தப் பதிவோடு வந்தார்கள் என்று கேட்கும் தாய்மாரும், அனந்தி கேட்ட பட்டியலைத்தான் கேட்கிறார்கள்.

2022 டிசம்பரில், சரணடைந்தவர்களுக்கு இராணுவமே பொறுப்பு, அவர்களை மன்றில் முன்னிலைப்படுத்த வேண்டும் என்று வவுனியா மேல் நீதிமன்றம் உத்தரவிட்டது. மனு போட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து வந்த உத்தரவு. மாவிலாற்றுக்காரர் தம் கேள்வியைக் கேட்கவும் அதே மனிதரைத்தான் அந்த மன்றுக்குக் கொண்டுவர வேண்டும்.