கையைப் பழக்கி வாயைக் கட்டும் தொழிற்கல்வி!

பள்ளிப் பிள்ளைகட்குத் தொழில் கற்பிக்கப் போவதாக முழங்காத அரசு தில்லியிலும் இருந்ததில்லை, சென்னையிலும் இருந்ததில்லை. 1966இல் கோத்தாரிக் குழு அதைச் சொல்லிற்று. 1978இல் தமிழ்நாட்டில் மேனிலைப் பள்ளிகள் தோன்றியபொழுதே அவற்றுள் தொழிற்பிரிவும் உடன் தோன்றிற்று. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையோ, மேனிலை மாணவருள் 1990க்குள் 10 விழுக்காட்டினரையும் 1995க்குள் 25 விழுக்காட்டினரையும் தொழிற்கல்வியின்பால் திருப்பிவிடப் போவதாகக் கணக்கே எழுதி வைத்தது. அக் கணக்கு ஏட்டிலேயே உறங்கிற்று. பின்னர் 2020இல் வந்த புதிய கல்விக் கொள்கை, 2025க்குள் கற்போருள் பாதிப் பேர்க்காவது தொழிற்கல்வியின் தொடர்பு கிட்டிவிடும் என்று எழுதிற்று. அந்த ஆண்டும் வந்து போயிற்று. பெரம்பலூர்ப் பிள்ளையும் அரியலூர்ப் பிள்ளையும் பத்தாம் வகுப்பை முடித்து, ‘அடுத்து என்ன?’ என்று பள்ளி வாயிலில் நிற்கும் நிலை மட்டும் மாறவேயில்லை.

ஏன் மாறவில்லை? பொருள் போதவில்லை என்பர். ஆசிரியர் இல்லை என்பர். பெற்றோர் விரும்பவில்லை என்பர். ஒவ்வொன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் எவரும் வாய்திறந்து சொல்லாத கரணியம் ஒன்று உண்டு. அக் கரணியம் அந்தப் புதிய கல்விக் கொள்கையின் ஏட்டிலேயே, அதை எழுதியவர்கள் அறியாமலேயே, பதிந்து கிடக்கின்றது. இந்தியாவில் 19 முதல் 24 வரை அகவையுள்ள உழைப்பாளருள் முறையான தொழிற்கல்வி பெற்றவர் 5 விழுக்காட்டிற்கும் குறைவு என்று அவ்வேடு ஒப்புக்கொள்கின்றது. ஒப்பிட்டுக் காட்டுவதற்கு மூன்று நாடுகளின் கணக்கையும் தருகின்றது: அமெரிக்கா 52, செருமனி 75, தென்கொரியா 96.

எண்களைக் காட்டினார்களே, அவ்வெண்களின் அடியில் இருக்கும் மொழியைக் காட்டினார்களா? செருமானியப் பிள்ளை எந்த மொழியில் தச்சும் கொல்லும் மின்வேலையும் கற்கின்றான்? செருமானிய மொழியில்! கொரியப் பிள்ளை? கொரிய மொழியில்! ஆங்கிலத்தில் கற்பிக்கும் அமெரிக்காவிலும் ஆங்கிலமே அம்மக்களின் வீட்டு மொழி. செருமனியில் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முந்நூற்றுக்கும் மேற்பட்ட தொழில்கள் வரையறுக்கப்பட்டுக் கற்பிக்கப்படுகின்றன. பயிலும் இளைஞன் கிழமைக்கு ஓரிரு நாள் தொழிற்பள்ளியில் அமர்கின்றான். ஏனைய நாள்களில் தொழிலகத்தில் ஊதியத்தோடு உழைக்கின்றான். பள்ளியில் கேட்ட சொல்லையே தொழிலகத்திலும் கேட்கின்றான்; அச் சொல்லையே மாலையில் தன் தாயிடமும் சொல்கின்றான். மூன்று இடத்திற்கும் ஒரே மொழி! இந்த ஒன்றை விட்டுவிட்டு 75, 96 என்று எண்ணை மட்டும் படியெடுப்பது, அடுத்த வீட்டான் கொழுத்த மாட்டைப் பார்த்துவிட்டு அதன் கழுத்து மணியை மட்டும் வாங்கி வந்த கதையாகும்.

தமிழ்நாட்டு நிலை என்ன? நடுவணரசு 2013ஆம் ஆண்டின் இறுதியில் தொழில்திறன் தகுதிகட்கென ஒரு சட்டகத்தை அறிவித்தது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அச் சட்டகத்தின்படிப் பள்ளிகளில் புகுத்தப்படும் பாடங்களின் பெயர்களைப் பாருங்கள். ‘ரீட்டெயில்’, ‘ஆட்டோமோட்டிவ்’, ‘பியூட்டி அண்டு வெல்நசு’, ‘டூரிசம் அண்டு ஆசுபிட்டாலிட்டி’! (எழுத்தை மட்டும் தமிழாக்கியாயிற்று, இனி யார் குறை சொல்வது?) ஆண்டிமடத்துப் பெண்பிள்ளை ஒருத்தி இப் பெயர்களை வைத்துக்கொண்டு, தன் வாழ்நாள் தொழிலை எப்படித் தேர்ந்தெடுப்பாள்? ‘சில்லறை வணிகம்’ என்றால் அவளுக்குத் தெரியும். அவள் ஊர்க் கடைத்தெருவில் நாள்தோறும் காண்பது அது. ‘விருந்தோம்பல்’ என்றால் தெரியும். அதற்குத் தனி அதிகாரமே வகுத்த இனம் அவளுடையது. தெரிந்ததைத் தெரியாததாக்கி, பிறகு அத் தெரியாததைத் தெரிந்துகொள்ளச் சொல்வதற்கா தொழிற்கல்வி என்று பெயர்?

தொழிற்பயிற்சி நிலையங்களில் நடப்பதும் இதுவே. பிட்டர், டர்னர், வெல்டர் என்பவை பல பதிற்றாண்டுகளாக அங்கே வழங்கும் பெயர்கள். அந்த நிலையத்திற்கு வெளியே தெருவில் நடந்தால் ‘கடைசல் பட்டறை’ என்று பலகை தொங்குகின்றது. படிக்காத பட்டறைக்காரருக்குக் கடைசல் என்ற சொல் தெரிகின்றது. அரசுப் பாடத்திட்டத்திற்குத் தெரியவில்லை!

இனி, பெரம்பலூர், அரியலூர் மண்ணைப் பார்ப்போம். 1995இல் திருச்சிராப்பள்ளியினின்று பெரம்பலூரும், 2001இல் பெரம்பலூரினின்று அரியலூரும் தனி மாவட்டங்களாயின. இடையில் 2002இல் மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர், 2007இல் மறுபடியும் பிரிந்தது. ஆட்சியாளர் பிரித்தும் இணைத்தும் விளையாடிய இந் நிலத்தின் அடியில், பல கோடி ஆண்டுகட்கு முன் கடல் இருந்தது. அக் கடல் விட்டுச் சென்ற கிளிஞ்சல்களும் நத்தைக் கூடுகளும் படிந்து இறுகியவையே இன்று வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல். சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையதென மதிக்கப்படும் மரம், கல்லாகி, 18 மீட்டர் நீளத்தில் படுத்துக் கிடக்கின்றது. உலக நிலவியலார் இப் பகுதியின் பாறை அடுக்குகட்கு இட்டு வழங்கும் பெயர்கள் எவை? உத்தத்தூர் அடுக்கு, திருச்சிராப்பள்ளி அடுக்கு, அரியலூர் அடுக்கு! இலண்டனில் எழுதப்பெறும் நிலவியல் நூலிலும் அரியலூர் என்ற தமிழ்ப்பெயர் நிற்கின்றது. அரியலூர்ப் பள்ளியில் அந் நிலவியலைத் தொழிலாகக் கற்க விரும்பும் பிள்ளைக்கோ தமிழ் மறுக்கப்படுகின்றது.

அரசின் பைஞ்சுதை ஆலை 1979 முதல் அரியலூரில் இயங்குகின்றது. அதனைச் சுற்றித் தனியார் ஆலைகள் பல எழுந்தன. அவ் ஆலைகளின் தொழிலைப் பதினான்கு அகவைப் பிள்ளைக்குத் தமிழில் சொல்ல முடியாதா? முடியும். சுண்ணாம்புக்கல்லை வெட்டி, உடைத்து, களிமண்ணோடு உரிய அளவிற் கலந்து மாவாக அரைக்கின்றனர். அம் மாவைச் சற்றே சாய்ந்து சுழலும் நீண்ட சூளைக்குள் விடுகின்றனர். போகப் போகச் சூடு ஏறுகின்றது. சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரிவளி பிரிந்து வெளியேறுகின்றது. ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் அது பாதி உருகிக் கருங்கட்டிகளாகத் திரள்கின்றது. அக் கட்டிகளைக் குளிர்வித்து, சிறிது சிப்சம் சேர்த்து நுண்பொடியாக அரைத்தால் பைஞ்சுதை. சிப்சம் எதற்கு? அது இல்லையேல் நீர் பட்டவுடனே சுதை இறுகிவிடும். கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் கல்லாகிவிடும். (அந்தச் சிப்சமும் இதே பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக் களிமண்ணில் கோடுகோடாக ஓடுகின்றது.) இதில் எந்த வரி ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு விளங்காது? சூளையும் சுதையும் அவன் பாட்டன் சொற்கள்! இவ்வாறு கற்ற பிள்ளை, சூடு குறைந்தால் என்ன ஆகும், கலவை மாறினால் என்ன ஆகும், வெளியேறும் புழுதியும் வளியும் தன் ஊர்க் காற்றை என்ன செய்யும் என்று கேட்பான். கேட்கத் தெரிந்தவன் ஆலைக்குள் ஆய்வறைக்குச் செல்வான். கேட்கத் தெரியாதவன் ஆலை வாயிலில் நாட்கூலிக்கு நிற்பான். தொழிற்கல்வியில் மொழி என்பது ஒப்பனைச் செய்தியன்று. வாயிலில் நிற்பவன் யார், உள்ளே அமர்பவன் யார் என்பதை அதுவே முடிவு செய்கின்றது.

பெரம்பலூர் மாவட்டத்துப் பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர் உள்ளது. அவ்வூர் மரச்சிற்பத்திற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகையிலும் மாவிலும் வேம்பிலும் உருவங்களைச் செதுக்கும் அச் சிற்பியர் கையில் உளியும் கொட்டாப்புளியும் இழைப்புளியும் அரமும் உள்ளன. வாயில் அவற்றின் பெயர்கள் உள்ளன. அரியலூர் மாவட்டத்து உடையார்பாளையப் பகுதியில் தறி நெய்வோர்க்குப் பாவும் ஊடையும் விழுதும் நாடாவும் அன்றாடப் பேச்சு. கட்டடம் கட்டுவோர்க்கு மூலைமட்டமும் தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் உண்டு. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆயிரமாண்டாக நிற்கும் கற்கோயிலை எழுப்பியோர் எந்த அயல்மொழிக் கையேட்டைப் படித்து எழுப்பினர்? இத்தனை சொற்களும் உயிரோடிருக்கும்போது, ‘தமிழில் கலைச்சொல் இல்லை’ என்று எவரேனும் சொன்னால், அவர் தம் வீட்டுக் கொல்லையில் கிணற்றை வைத்துக்கொண்டு தண்ணீர்ப் பஞ்சம் பாடுகின்றவர். 1974 முதல் சொற்பிறப்பியல் அகரமுதலிக்கென்றே ஓர் இயக்ககத்தை அரசு நடத்துகின்றது. அங்குத் தொகுத்த சொற்களைத் தொழிற்பாட நூல் எழுதுவோர் எட்டிப் பார்ப்பதில்லை என்றால், அது யார் குற்றம்?

இங்கே ஓர் இடர் உண்டு. அதை மறைத்தல் கூடாது. அரும்பாவூர்ச் சிற்பியின் மகனே சிற்பம் கற்கவேண்டும், உடையார்பாளைய நெசவாளி மகளே தறியில் அமரவேண்டும் என்று பொருள்படுமாயின் தொழிற்கல்வி நஞ்சாகும். 1953இல் இராசாசி கொணர்ந்த திட்டம் அதுதான். சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் பாதிநேரப் படிப்பு. மீதி நேரம் அப்பன் தொழில். தந்தை பெரியாரும் தமிழ்மக்களும் அதற்குக் குலக்கல்வி என்று சரியாகப் பெயரிட்டு எதிர்த்தனர். 1954இல் காமராசர் ஆட்சியில் அது தொலைந்தது. தொலைந்த பாம்பு மீண்டும் தலைநீட்டாது என்பதற்கு உறுதியில்லை. 2023 செபுத்தம்பரில் தில்லி அரசு தொடங்கிய விசுவகருமா திட்டம், 18 கைத்தொழில்களை வரிசைப்படுத்தி, குடும்ப வழித்தொழில் செய்வோர்க்கு உதவி என்று சொன்னது. அகவை 18 நிறைந்தால் போதும் என்றது. பதினெட்டு என்பது கல்லூரிக்குச் செல்லும் அகவை. அந்த அகவையில் அப்பன் உளியைக் கையில் கொடுத்துப் பணமும் கொடுத்தால், ஏழைப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்புவான்? குடும்பத் தொழில் என்னும் நிபந்தனையை நீக்கவும் அகவையை 35 ஆக்கவும் தமிழ்நாட்டரசு கேட்டது. தில்லி இசையாமையால் 2024 நவம்பரில் அத் திட்டத்தை ஏற்க மறுத்தது. அது சரியான செயலே.

ஆனால் குலக்கல்விக்கு மாற்று, தொழிலையே கல்லாமை அன்று. நெசவாளி மகன் மின்வேலையும், உழவன் மகள் நிலவியலும், அலுவலர் பிள்ளை தச்சும் தொட்டுப் பார்ப்பதே மாற்று. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை நான்கு தொழில்களையாவது தொடவேண்டும். அவற்றுள் எதுவும் பிடிக்காமல் மருத்துவமோ சட்டமோ கற்க விரும்பினால் அவ்வழி அடைபடக் கூடாது. புதிய கல்விக் கொள்கை சொல்லும் ‘புத்தகப்பை இல்லாப் பத்து நாள்’ ஏற்பாட்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளை தச்சரிடமும் குயவரிடமும் சென்று வருமாம். பத்து நாளில் குயவர் சக்கரத்தை வேடிக்கை பார்க்கலாம். மண்ணைப் பதம் பிசையக்கூடக் கற்க முடியாது.

தொழிலைத் தேர்ந்துகொள் என்று பிள்ளைக்கு அறிவுரை சொல்வது எளிது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா தேர்ந்துகொள்ளவில்லையா? மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள்; 1200க்கு 1176 பெற்றவள்; மருத்துவத்தைத் தேர்ந்துகொண்டவள். நீட்டு என்னும் தடையால் வாயில் அடைக்கப்பட்டு, 2017 செபுத்தம்பர் முதல் நாள் அவளை இழந்தோம். அதன் பின்னர் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் வந்தது. அங்குள்ள அரங்கிற்கு அவள் பெயரும் இடப்பட்டது. பெயர் உள்ளே போயிற்று.

தில்லியைச் சாடிவிட்டுச் சென்னையை விட்டுவிடுதல் நேர்மையன்று. 2006இல் தமிழைப் பாடமாகக் கட்டாயப்படுத்திய சட்டம் வந்தது, நன்று. ஆனால் பாடமொழியாக்க எந்தச் சட்டமும் வரவில்லை. மாறாக, 2012, 2013ஆம் ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பெருவாரியாகத் திறக்கப்பட்டன. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானம், எந்திரவியல் ஆகிய இரு பொறியியற் படிப்புகளைத் தமிழில் தொடங்கியது. மகிழ்ந்தோர் பலர். 2023 மே மாதத்தில் உறுப்புக் கல்லூரிகளில் அவற்றை நிறுத்தப் போவதாக அப் பல்கலைக்கழகமே அறிவித்து, எதிர்ப்பெழுந்தவுடன் திரும்பப் பெற்றது. மாணவர் சேரவில்லை என்றனர். பள்ளியில் தமிழ்வழித் தொழிற்கல்வி வலுவாக இல்லை. முடித்தால் வேலைதரும் ஆலையில் தமிழ் இல்லை. இடையில் கல்லூரியில் மட்டும் தமிழை வைத்தால் அது அடித்தளமும் கூரையும் இல்லாத நடுச்சுவர் அன்றோ? 2022இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் பெயரளவில் நல்ல தமிழ். பயிற்சிகளின் பெயர்ப்பட்டியலைத் திறந்தால் அங்கும் பெரும்பாலும் ஆங்கிலமே.

‘ஆலைகள் ஆங்கிலந்தானே கேட்கின்றன?’ என்பர் சிலர். எறையூர்ச் சிப்காட்டில் காலணித் தொழிலுக்கு 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. செயங்கொண்டத்தில் 2024 நவம்பரில் தைவான் நாட்டு நிறுவனம் ஒன்றின் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டி, 15,000 பேர்க்கு வேலை என்று அறிவித்தனர். தைவானியர் தம் தொழிலாளர்க்கு எந்த மொழியில் காலணி செய்யக் கற்பித்தனர்? தம் மொழியில்! தங்கள் மொழியில் கற்று உலகிற்கே செருப்புத் தைத்தவர்கள் இங்கு வந்து முதல் வைக்கின்றனர். இங்குள்ளவர்களோ முதல் வைக்க வந்தவனின் மொழியும் இல்லாத மூன்றாம் மொழியில் கற்றால்தான் வேலை என்று நம்புகின்றனர். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவர் கிறீன், 1864 முதல் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார்; அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்கினார். அறுவை மருத்துவத்தை ஓர் அயலாரே தமிழிற் கற்பித்திருக்க, தையற்பொறியையும் மின்னிணைப்பையும் தமிழரால் தமிழிற் கற்பிக்க இயலாதாம்!

ஆகவே இவ்விரு மாவட்டத்துப் பெற்றோரும் ஆசிரியரும் கேட்க வேண்டியவை சில உள. ஒன்பதாம் வகுப்புத் தொழிற்பாடம் எதுவாயினும் அதன் நூலும் கருவிப்பெயரும் தேர்வும் சான்றிதழும் தமிழில் இருத்தல் வேண்டும். ஆங்கிலப் பெயர் தேவையெனில் ஓரத்தில் இருக்கட்டும். எந்தப் பிள்ளையையும் அவன் தந்தையின் தொழிலுக்கென ஒதுக்குதல் கூடாது. தொழிற்பிரிவில் சேர்ந்தவனுக்கு உயர்கல்வி வாயில்கள் அனைத்தும் திறந்திருத்தல் வேண்டும். இம் மண்ணில் தோண்டி எடுத்துப் பொருளீட்டும் ஆலைகள், கிழமைக்கு இரு நாளேனும் பள்ளிப் பிள்ளைகளை ஆய்வறைக்குள் விட்டுத் தமிழில் விளக்க ஆள் வைத்தல் வேண்டும். பட்டம் இல்லை என்பதற்காக அரும்பாவூர்ச் சிற்பியையோ வாரியங்காவல் நெசவாளியையோ பள்ளியில் ஆசிரியராக அமர்த்த முடியாது என்று எந்த விதி சொல்கின்றதோ, அந்த விதியை முதலில் திருத்தட்டும். அடுத்த சூனில் பள்ளி திறக்கும்போது இவற்றுள் எது நடந்தது என்று மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்கலாம், தமிழில் கேட்கலாம்.