வெயிலும் விலையும்

யாழ்ப்பாணத்துக் கடைத்தெருக்களிலும் வன்னியின் அரிசி ஆலைகளிலும் கூரைகளின்மீது சூரியத் தகடுகள் ஏறிவருவதை இன்று யாவரும் காண்கின்றனர். தங்குவிடுதி, அச்சகம், குளிரறை, மருத்துவ நிலையம் என்று தொழில் நடத்துவோர் பலர் வெயிலை மின்சாரமாக்கும் முயற்சியில் இறங்கியுள்ளனர். இறங்காதோர், இறங்கலாமா என்று எண்ணிப் பார்க்கின்றனர். இம்முயற்சியை நாம் முழுமனத்துடன் வரவேற்கின்றோம். ஆயினும், ஒரு தலைமுறைக்கு நின்று பயன்தரவேண்டிய முதலீட்டை, விற்பனை முகவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஒரு மாலைப்பொழுதில் முடிவு செய்வது அறிவுடைமையாகாது. விலையை மட்டும் பார்ப்பவர் தரத்தை இழப்பர். தரத்தையும் பார்த்து, அரசாங்கத்தின் போக்கைக் கவனியாது விடுபவர் இலாபத்தை இழப்பர். ஆகவே இவை மூன்றையும் பற்றி எம் மக்களுக்குச் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மின்சாரத்தின் அருமையை எம்மவருக்கு எவரும் வந்து கற்பிக்க வேண்டியதில்லை. போரினால் லக்சபான மின்சாரம் அறுந்துபோக, 1990களில் குடாநாட்டுப் பிள்ளைகள் ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கொளியில் இருந்து படித்தார்கள். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். போர் முடிந்து சில ஆண்டுகள் சென்ற பின்னரே குடாநாடு தேசிய மின்வலையுடன் மீண்டும் இணைந்தது. எண்ணெய் எரித்துப் பெற்ற மின்சாரத்திற்குச் சுன்னாகம் கொடுத்த விலையையும் நாம் மறந்துவிடவில்லை. கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரையே குடித்து வாழும் மக்களுக்கு, புகையும் கழிவெண்ணெயுமின்றிக் கிடைக்கும் மின்சாரம் வெறும் நாகரிகப் பொருளன்று. அது குடிநீரைக் காக்கும் வழியுமாகும்.

தொழில் நடத்துவோரை வெயிலின் பக்கம் தள்ளியது 2022ஆம் ஆண்டின் நெருக்கடியே. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நீடித்தது. ஆகஸ்டு மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. அந்த அடியிலிருந்து எழுமுன்னரே, 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. பின்னர் 2024ஆம் ஆண்டிற் குறைந்தது. 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்தது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் 15 வீதம் கூடியது. இவ்வாறு ஏறியும் இறங்கியும் ஆடும் கட்டணத்தை வைத்துக்கொண்டு எந்த ஆலை முதலாளி அடுத்த ஆண்டுக்கான கணக்கை எழுத முடியும்? தன் கூரையிலேயே ஒரு பகுதி மின்சாரத்தைப் பெற்றுக்கொள்வோம் என்று அவர் எண்ணுவதில் வியப்பில்லை.

ஆனால் கணக்கு சரியாக இருக்கவேண்டும். எமது நாட்டு வெயிலில் ஒரு கிலோவாற்றுத் தகடு ஆண்டுச் சராசரியில் நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு அலகு மின்சாரம் தரும். எனவே 20 கிலோவாற்று அமைப்பொன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 25,000 முதல் 29,000 அலகு வரை தரலாம். மாரி காலத்தில் இது குறையும். பங்குனி, சித்திரையில் கூடும். இதற்கு மேலாக எவராவது வாக்களித்தால் அவரை ஐயுறுக. தகட்டின் விலை, வங்கி வட்டி, இடையில் ஒருமுறையேனும் மாற்றவேண்டி வரும் இன்வேர்ட்டரின் விலை, பராமரிப்புச் செலவு ஆகிய அனைத்தையும் கூட்டி, 20 ஆண்டுகளில் கிடைக்கும் அலகுகளால் வகுத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு வருவதே ஓர் அலகின் உண்மை விலை. நல்ல தகடும் ஆண்டுக்கு அரை வீதமளவில் வலுக்குன்றும் என்பதையும் அக்கணக்கிற் சேர்க்க வேண்டும்.

அந்த விலையை எதனுடன் ஒப்பிடுவது? இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். பகலில் ஆலைக்குள்ளேயே செலவாகும் ஒவ்வோர் அலகும், நாம் கட்டவேண்டிய கட்டணத்தை மீதப்படுத்துகின்றது. வலைக்கு அனுப்பும் அலகுக்கோ அரசு நிர்ணயித்த கொள்வனவு விலையே கிடைக்கும். பகலில் இயந்திரம் ஓடும் அரிசி ஆலைக்கும் மரஆலைக்கும் ஏற்ற கணக்கு, இரவு விருந்தினரை நம்பியிருக்கும் விடுதிக்குப் பொருந்தாது. நேரத்திற்கேற்பக் கட்டணம் செலுத்தும் தொழிற்சாலைகளுக்கு மாலை 6.30 முதல் 10.30 வரையுள்ள உச்சவேளையே அதிக விலையுடையது. வெயில் மறைந்த அந்த வேளையிற் கூரைத் தகட்டினால் ஒரு சதமும் மீதமாகாது. பெரிய பாவனையாளர் அலகுக் கட்டணத்துடன் தனியாகச் செலுத்தும் உச்சத் தேவைக் கட்டணமும் தகடு பொருத்தியவுடன் தானாகக் குறைந்துவிடாது. எனவே முதலில் கடந்த 12 மாத மின்பட்டியல்களை மேசையில் விரித்து, எந்த வேளையில் எவ்வளவு மின்சாரம் செலவாகின்றது என்பதை அறிக. கூரை கொள்ளுமளவுக்குத் தகடு அடுக்குவதைவிடப் பகற்பாவனைக்கு ஏற்ற அளவில் நிற்பதே பல தொழில்களுக்கு உகந்தது.

இனித் தரத்திற்கு வருவோம். உலகில் உற்பத்தியாகும் தகடுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவிலிருந்தே வருகின்றன. மிகச் சிறந்தவையும் மிக மட்டமானவையும் அங்கிருந்தே வருவதால், நாட்டின் பெயரைக் கேட்டு நல்லது தீயது அறிய முடியாது. ஐ.ஈ.சி. 61215, 61730 என்னும் அனைத்துலகத் தரச்சான்றுகள் உள்ளனவா என்று கேட்க வேண்டும். கடலும் களப்பும் சூழ்ந்த எமது மண்ணில், உப்புக்காற்றைத் தாங்கும் தன்மையைச் சோதிக்கும் ஐ.ஈ.சி. 61701 சான்று இருக்கின்றதா என்பதையும் கேட்க வேண்டும். உத்தரவாதம் இரண்டு வகையானது. தகட்டில் உற்பத்திக் குறை இருந்தால் மாற்றித் தருவது ஒன்று. 25 ஆண்டுகளின் பின்னும் குறித்த அளவு மின்சாரம் தரும் என்பது மற்றொன்று. இன்வேர்ட்டருக்கு 5 முதல் 10 ஆண்டு உத்தரவாதமே பெரும்பாலும் கிடைக்கும். 25 ஆண்டுக்கு உறுதிகூறும் முகவர் நிலையம் இன்னும் மூன்று ஆண்டுகளில் கதவு திறந்திருக்குமா என்பதே வாங்குபவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

தகடு நன்றாயிருந்தும் பொருத்துவோர் கெடுத்துவிடலாம். வெப்பநிலை 25 பாகைக்கு மேற் செல்லும் ஒவ்வொரு பாகைக்கும் தகட்டின் வலு ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வீதம் குறையும். தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்திய தகடு நண்பகலில் 60 பாகைக்குச் சுட்டால், பத்தில் ஒரு பங்குக்கு மேலான மின்சாரம் காற்றிற் போய்விடும். ஆகவே தகட்டின் கீழே காற்றோட்டத்திற்கு இடைவெளி வேண்டும். தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின்மேல் ஒரு பனையின் நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் வலுவும் குன்றும். உமித்தூசும் காக்கை எச்சமும் படிந்த தகட்டைக் கழுவாது விட்டுவிட்டு, வெயிலைக் குறை கூறிப் பயனில்லை. துருவேறும் ஆணி, தளர்ந்த மின்னிணைப்பு, புவித்தொடுப்பும் இடிதாங்கியும் இல்லாத அமைப்பு என்பன ஆலையையே எரித்துவிடக்கூடியவை. மலிவாகக் கேள்வி கொடுப்பவர் இவற்றிலேதான் பெரும்பாலும் கை வைக்கின்றார்.

பலரும் அறியாத இன்னொன்றையும் கூறவேண்டும். வலையோடு இணைந்த சாதாரண அமைப்பு, வலையில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியிற் பழுது பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. 2022ஆம் ஆண்டு மின்வெட்டின்போது, உச்சி வெயிலில் கூரை நிறையத் தகடிருந்தும் உள்ளே இருளில் இருந்தோர் பலர் இதை அன்றுதான் அறிந்தனர். மின்வெட்டிலும் குளிரறை ஓடவேண்டுமானால் மின்சாரத்தைச் சேமிக்கும் பற்றறியும் அதற்குரிய இன்வேர்ட்டரும் வேண்டும். அதற்குரிய செலவு தனி. வாங்குமுன் எது தேவை என்று தெளிக: கட்டணம் குறைவதா, மின்வெட்டிற் காப்பா?

எமது விவசாயிகளுக்கும் ஒரு சொல். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக ஏறியபோது, வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்க் கன்றுக்கும் நீர் இறைக்க வழியறியாது கலங்கியவர்கள் அவர்கள். சூரிய மின்சாரத்தில் இயங்கும் நீரிறைப்பி அவர்களுக்கு நல்ல துணையே. ஆனால் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லின் நடுவே, உவர்நீரின்மேல் மிதக்கும் மழைநீரே எமது கிணறுகளிற் கிடைப்பது. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் கைவலியே எல்லை வகுத்தது. எண்ணெய் இயந்திர காலத்தில் எண்ணெய் விலை எல்லை வகுத்தது. வெயிலுக்கு விலையில்லாததால் அந்த எல்லை அற்றுப்போகும். பகல் முழுவதும் இறைத்தால் இனிப்புக் கிணறு உவர்க் கிணறாகும். அதன்பின் எந்தத் தகடும் அதை மீட்டுத் தராது. சொட்டு நீர்ப்பாசனமும், தொட்டியில் நீர் தேக்கி அளவாகப் பாய்ச்சும் ஒழுங்கும் நீரிறைப்பியோடு சேர்ந்தே வரவேண்டும்.

இனி அரசாங்கத்தாரிடம் சில கேட்போம். 2016ஆம் ஆண்டு ‘சூரிய பல சங்கிராமய’ என்று முழங்கி மக்களைக் கூரைமேல் ஏற்றியவர்கள் அவர்களே. அலகுக்கு முதல் 7 ஆண்டு 22 ரூபாவும் எஞ்சிய 13 ஆண்டு 15 ரூபா 50 சதமும் தருவோம் என்றனர். நெருக்கடிக்குப் பின் வந்தோருக்கு அவ்விலையை உயர்த்தினர். 2024, 2025ஆம் ஆண்டுகளில் மீண்டும் குறைத்தனர். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபநிலையத்திற் புகுந்த குரங்கே காரணம் என்றார் அமைச்சர். சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்திருந்தமையால் வலை நிலைதளர்ந்து இருந்தது என்றனர் மின்சார சபையார். அடுத்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரைக்கும் கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு வேண்டினர்.

தேவை குறைந்த பகலில் மிகை மின்சாரம் வலைக்கு இடர் விளைக்கும் என்பது உண்மையே. பொறியியலை நாம் மறுக்கவில்லை. ஆனால் அழைத்தபோது அதை அறியாதிருந்தனரா? 2030ஆம் ஆண்டளவில் 70 வீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவோம் என்று இலக்குக் கூறியவர்கள், அதனைத் தாங்கும் பற்றறிகளையும் கம்பிகளையும் காலத்தோடு அமைத்திருக்க வேண்டாமா? வங்கிக் கடனெடுத்துத் தகடு பூட்டிய சிறு முதலாளியின் தலையில் அத்தவறின் சுமையை ஏற்றுவது நீதியாகாது. ஒப்பந்தத்தில் எழுதிய விலை ஒப்பந்தக் காலம் முழுவதும் நிற்கவேண்டும். நிறுத்தச் சொல்லும் நாட்களுக்கு இழப்பீட்டு ஒழுங்கு வேண்டும். மாலையில் சேமிப்பு மின்சாரம் தருவோருக்கு அதன் அருமைக்கேற்ற விலை நிலையாகக் கிடைக்க வேண்டும்.

இன்னுமொன்று. தேசிய வலைக்குச் செல்லாத மின்சாரத்தை மாகாணத்திற்குள் உற்பத்தி செய்யும் இடங்களையும் வசதிகளையும் பேணி வளர்ப்பது, 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபையின் அதிகாரமாகும். கூட்டுறவும் அவ்வாறே மாகாண விடயம். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் ஆயுட்காலம் முடிந்த பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கடந்தன. மக்கள் தெரிந்த சபை இயங்கியிருப்பின், வலை எட்டாத தீவுகளுக்கும் நீரிறைப்பு நிலையங்களுக்கும் எமது வெயிலை நாமே பயன்படுத்தும் திட்டம் ஒன்று இதற்குள் உருவாகியிருக்கலாம். ஏட்டில் உள்ள அதிகாரம் கூரைக்கு வராதிருப்பதற்கு யார் பொறுப்பு என்பதைக் கொழும்பும் எமது தலைவர்களும் கூறட்டும்.

அதுவரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே முகவரிடம் பேரம் பேசுவதை விடுத்து, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் ஆலை உரிமையாளர் சங்கங்களும் ஒன்றாகக் கேள்வி கோரினால் விலையும் இறங்கும், தரமும் உயரும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. தகடுகளையும் இன்வேர்ட்டர்களையும் சோதித்து அறிக்கை தரும் பணியை அங்குள்ள அறிஞர் ஏற்றால், வாங்குபவர் அறிவோடு வாங்குவர். ஓய்வுபெற்ற பொறியியலாளரும் மின்வினைஞரும் ஊருக்கொரு குழுவாகக் கூடி, பொருத்திய அமைப்புக்களைப் பார்வையிட முன்வர வேண்டும். வங்கிகள் கடன் வழங்குமுன் தரச்சான்றைக் கேட்க வேண்டும். இவற்றுக்கு எந்த அமைச்சரின் கையொப்பமும் தேவையில்லை.

வெயில் எவரும் எமக்கு இரங்கித் தந்த சலுகையன்று. எம் முன்னோர் அதில் நெல் உலர்த்தினர், உப்பு விளைவித்தனர், புகையிலை பதப்படுத்தினர். இன்று அதனின்று மின்சாரம் விளைவிக்கின்றோம். நெல்லை அளந்து வாங்கும் மக்கள் மின்சாரத்தையும் அளந்தே வாங்கட்டும். எழுதிக் கொடுத்த விலைக்கு அரசும், எழுதிக் கொடுத்த தரத்திற்கு வணிகரும் கட்டுப்படும்வரை கேட்டுக்கொண்டே இருப்பது எம் மக்களின் உரிமை. கேட்பிப்பது எமது கடமை.