பெங்களூர் சாலை நின்ற இரவு

திருமழிசையைத் தொட்டுச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலை, 2021 டிசம்பர் 17-ந் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூர் அருகே அடைபட்டது. மறுநாள் பகலிலும் வழி பிறக்கவில்லை. கைக்குழந்தையோடு பஸ்ஸில் சிக்கியவர்கள் பாட்டைச் சொல்லவா வேண்டும்!

மறித்தவர்கள் ஃபாக்ஸ்கான் செல்போன் தொழிற்சாலைப் பெண்கள். அவர்களுடைய விடுதி ஒன்றில் சாப்பாடு விஷமாகி, 150-க்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகள் என்ன ஆனார்கள்? தெளிவான பதில் இல்லை. சிலர் இறந்துவிட்டதாக வதந்தி கிளம்பியது. பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

உண்மையில் யாரும் இறக்கவில்லை. அதை உடனே, நம்பும்படி சொல்லியிருந்தால் அத்தனை லாரிகளும் பஸ்களும் நின்றிருக்குமா?

விடுதிகள் சிலவும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது. மூடிய ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது.