வீட்டில் பூனை, குழந்தைக்கு தும்மல்: அலர்ஜி டெஸ்ட் எடுக்கணுமா, வேண்டாமா?

விடாத தும்மல். கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் குழந்தை. ராத்திரி படுத்தால் மூக்கடைப்பு, விடிகாலையில் வறட்டு இருமல். வீட்டில் ஒரு பூனையும் இருந்துவிட்டால் போதும், தீர்ப்பு உடனே வந்துவிடும். "எல்லாம் அந்தப் பூனையாலதான். முதல்ல அதை எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வா!"

குழந்தை அழும். வீடு ரெண்டு அணியாகப் பிரியும். சண்டையைத் தீர்க்க யாராவது மொபைலை எடுத்தால், லேப் ஆப்களின் 'அலர்ஜி பேக்கேஜ்' விளம்பரம் வரிசைகட்டி நிற்கும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பார்கள். பூனை, நாய், தூசி, முட்டை, பால், கத்தரிக்காய் என்று ஒரே ரத்தத்தில் ஏகப்பட்ட பொருட்களுக்கு ரிசல்ட். சில ஆயிரம் ரூபாய் செலவு.

எடுத்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அலர்ஜி டெஸ்ட் பயனுள்ள விஷயம்தான். ஆனால், பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று, அந்த டெஸ்ட் பதில் சொல்லும் கேள்வி வேறொன்று.

பூனை முடிதான் காரணமா?

'பூனை முடி வயித்துக்குள்ள போனா இழுப்பு வரும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்போம். பூனைக்கும் மூச்சிரைப்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது வரை சரி. ஆனால் குற்றவாளி முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகும் ஒரு புரதம். பெயர் ஃபெல் டி 1. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் இல்லையா? அப்போது எச்சில் முடியில் ஒட்டி, காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாகக் காற்றில் கலக்கிறது.

இந்தத் துகள் ரொம்ப லேசானது. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். சோபா, மெத்தை, திரைச்சீலை, சட்டை என எதிலும் ஒட்டிக்கொள்ளும். பூனையே இல்லாத வீடுகளிலும் வகுப்பறைகளிலும்கூட இது கிடைக்கிறது. பூனை அலர்ஜியும் ஆஸ்துமாவும் உள்ள பிள்ளைகளுக்கு, பூனை வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகள் நிறைய இருக்கும் வகுப்பில் ஆஸ்துமா மோசமாகிறது என்று 2001-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று காட்டியது. வகுப்புக்குள் வந்தது பூனை அல்ல, யூனிஃபார்மில் ஒட்டிக்கொண்டு வந்த புரதம்.

அதனால் 'முடி கொட்டாத பூனை', 'அலர்ஜி வராத ஜாதி' என்று அதிக விலை சொல்லி விற்றால் யோசியுங்கள். பூனைக்குப் பூனை இந்தப் புரதத்தின் அளவு மாறும். கருத்தடை செய்யாத ஆண் பூனையிடம் பொதுவாக அதிகம். ஆனால் அறவே இல்லாத ஜாதி என்று எதுவும் கிடையாது.

டெஸ்ட் என்ன சொல்லும், என்ன சொல்லாது?

இரண்டு வகை டெஸ்ட் உண்டு. ஒன்று தோல் பரிசோதனை. முன்கையிலோ, சின்னக் குழந்தை என்றால் முதுகிலோ, பூனைப் புரதம் கலந்த ஒரு சொட்டை வைத்து, அதன் மேல் லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் கொசு கடித்தது போலத் தடிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். பக்கத்திலேயே வெறும் உப்புநீர்ச் சொட்டு ஒன்றும் வைத்திருப்பார்கள். அதைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாகத் தடித்தால் பாசிட்டிவ். இன்னொன்று ரத்தப் பரிசோதனை. பூனைக்கு எதிராக உடம்பு உருவாக்கியிருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது.

இங்கேதான் பெரிய குழப்பம் ஆரம்பிக்கிறது. இரண்டு டெஸ்ட்டுமே சொல்வது ஒன்றைத்தான்: 'இந்தக் குழந்தையின் உடம்பு பூனைப் புரதத்தை அடையாளம் வைத்திருக்கிறது.' அவ்வளவுதான். அந்த அடையாளத்தால்தான் தும்மல் வருகிறதா என்று டெஸ்ட் சொல்லாது. ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் வந்தும், பூனையைக் கட்டிப்பிடித்துத் தூங்கி, ஒரு தும்மல்கூட இல்லாமல் எழுந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இருப்பது வெறும் பாசிட்டிவ் ரிப்போர்ட். அலர்ஜி என்று அதைச் சொல்ல முடியாது.

தமிழில் 'ஒவ்வாமை' என்பது அழகான சொல். ஒவ்வாதது, அதாவது ஒத்துக்கொள்ளாதது. ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்பது குழந்தையைப் பார்த்தால்தான் தெரியும். ரிப்போர்ட்டைப் பார்த்து மட்டும் தெரியாது.

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடலோர ஈரப்பதம், பல வருடம் பழகிய இலவம்பஞ்சு மெத்தை, தலையணை. தூசிப்பூச்சிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. தூசிப்பூச்சி, கரப்பான்பூச்சி இரண்டுமே அலர்ஜிக்குப் பெரிய காரணங்கள். விடிகாலையில் படுக்கையிலிருந்து எழும்போதே அடுக்குத் தும்மல் போடும் குழந்தைக்கு, காரணம் காலடியில் சுற்றும் பூனையாகவும் இருக்கலாம், தலைக்குக் கீழே இருக்கும் தலையணையாகவும் இருக்கலாம். பூனையை விரட்டியும் தும்மல் நிற்காத வீடுகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். இந்த இடத்தில்தான் டெஸ்ட் உண்மையில் கைகொடுக்கும். பூனை, தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சை என்று சந்தேகப்படும் நாலைந்து பொருட்களுக்கு மட்டும் பார்த்தால், யார் பக்கம் கை நீட்டுவது என்று ஓரளவு புரியும். பூனைக்கு நெகட்டிவ் என்று வந்தால், அதன் மீது பழி போடுவதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

சரி, நாலைந்துக்குப் பார்ப்பதைவிட நூறுக்குப் பார்த்தால் இன்னும் நல்லதுதானே? இல்லை. எத்தனை பொருட்களைச் சேர்க்கிறோமோ, அத்தனைக்கும் அர்த்தமில்லாத பாசிட்டிவ் வரும் வாய்ப்பு கூடுகிறது. பூனைக்காக டெஸ்ட் எடுக்கப் போய், இத்தனை நாள் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த முட்டையையும் பாலையும் நிறுத்தி, வளர்கிற பிள்ளையைப் பட்டினி போட்ட கதையாகிவிடும். கண்மூடித்தனமாக ஐஜிஇ டெஸ்ட்டுகளை அடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அலர்ஜி மருத்துவர்கள் அமைப்பு 2012-லேயே சொல்லிவிட்டது. உணவுக்கான ஐஜிஜி டெஸ்ட்டையும் அலர்ஜியைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதே பட்டியலில் சேர்த்தது. பேக்கேஜில் ஐஜிஇ, ஐஜிஜி இரண்டும் ஒரே மாதிரி எழுத்துதானே என்று ஏமாந்துவிடக் கூடாது.

'டோட்டல் ஐஜிஇ' என்று ஒரு எண்ணும் ரிப்போர்ட்டில் இருக்கும். அது எகிறியிருப்பதைப் பார்த்துப் பதறும் பெற்றோர் அதிகம். வயிற்றில் புழு இருந்தாலும், எக்ஸிமா இருந்தாலும் அந்த எண் ஏறும். பூனையைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

அப்போ யாருக்கு டெஸ்ட் தேவை?

டாக்டரிடம் போவதற்கு முன் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். 'பாசிட்டிவ் வந்தா என்ன செய்வோம்? நெகட்டிவ் வந்தா என்ன செய்வோம்?' இரண்டுக்கும் ஒரே பதில் என்றால், டெஸ்ட் எடுப்பதில் பெரிய லாபம் இல்லை.

உதாரணத்துக்கு, பூனை வளர்க்கும் அத்தை வீட்டுக்குப் போனால் மட்டும் அரை மணி நேரத்தில் கண் சிவந்து தும்முகிற பிள்ளை. மற்ற நாளில் ஒன்றுமே இல்லை. இதற்கு எதற்கு டெஸ்ட்? கதையே பதில் சொல்லிவிட்டது. போவதற்கு முன் என்ன மருந்து கொடுக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டால் போதும்.

மாறாக, வீட்டிலேயே பூனை, குழந்தைக்கு அடிக்கடி வீசிங், மாதத்துக்கு ஒரு முறை நெபுலைசர், இன்ஹேலர் போட்டும் கட்டுக்குள் வரவில்லை என்றால் டெஸ்ட் அவசியம் என்றே சொல்லலாம். இங்கே நுரையீரல் சம்பந்தப்பட்டிருக்கிறது. யூகத்தில் ஓட்டக் கூடாது. பூனையை வேறு வீட்டுக்குக் கொடுப்பது என்ற பெரிய முடிவு எடுக்கப்போகிறீர்கள் என்றாலும், அலர்ஜி ஊசி சிகிச்சையை டாக்டர் யோசிக்கிறார் என்றாலும் அப்படியே. அந்த ஊசி சிகிச்சை 3 முதல் 5 வருடம் வரை நீளும். எதற்கு அலர்ஜி என்று உறுதியாகத் தெரியாமல் அதில் இறங்க முடியாது.

ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளின் வீசிங்கில் பெரும்பகுதி சளி வைரஸால் வருவது என்பதையும் மறக்க வேண்டாம். கையில் வட்டமாகச் செதில் செதிலாக ஒரு தடம் வந்தால், அது பூனையிடமிருந்து தொற்றிய படர்தாமரையாக இருக்கலாம். அலர்ஜி டெஸ்ட்டில் அது தெரியாது. தோல் டாக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

காசு செலவில்லாமல் ஒரு சோதனை இருக்கிறது. பூனையை அனுப்பாதீர்கள், குழந்தையை அனுப்புங்கள். லீவில் பூனை இல்லாத தாத்தா வீட்டில் பத்து நாள் இருக்கட்டும். அங்கே எப்படி இருந்தது, திரும்பி வந்த முதல் ரெண்டு நாளில் என்ன ஆனது என்று குறித்து வையுங்கள். தலையணையும் தூசியும்கூட அங்கே மாறியிருக்கும் என்பதால் இதை முழு ஆதாரம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் குறிப்பு டாக்டருக்கு நல்ல துப்பு. பூனையை ஒரு வாரம் வெளியே அனுப்பிப் பார்ப்பது வீண். பூனை போன பிறகும் வீட்டில் அந்தப் புரதம் குறைய நான்கு முதல் ஆறு மாதம்கூட ஆகும்.

பூனை இன்னும் வரவே இல்லை, முன்கூட்டியே பார்த்துவிடலாமா?

எந்தத் தொந்தரவும் இல்லாத குழந்தைக்கு 'சும்மா ஒரு செக்கப்' வேண்டாம். பூனை இருக்கும் நண்பர் வீட்டுக்கு நாலைந்து தடவை கூட்டிப்போய்ப் பாருங்கள். ஏற்கெனவே ஆஸ்துமா உள்ள பிள்ளை என்றால் மட்டும் டாக்டரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

'சின்ன வயசுலயே பூனையோட வளர்ந்தா அலர்ஜி வராதாமே' என்ற பேச்சுக்கும் ஒரு பின்னணி உண்டு. முதல் வயதில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாய், பூனைகளோடு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஆறேழு வயதில் அலர்ஜி பாசிட்டிவ் குறைவாக இருந்தது என்று 2002-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதி ஆய்வு ஒன்று சொன்னது. எல்லா ஆய்வுகளும் அதையே சொல்லவில்லை. பூனை பிடிக்கும் என்றால் வாங்குங்கள், தடுப்பூசிக்குப் பதிலாக வாங்காதீர்கள்.

டெஸ்ட்டுக்கு முன் இதைக் கவனியுங்க

தோல் பரிசோதனைக்குப் போகும்போது பலர் தவறவிடும் விஷயம் இது. செட்ரிசின், லெவோசெட்ரிசின் போன்ற அலர்ஜி மருந்துகள் உடம்பில் இருந்தால் தடிப்பு வராது. அலர்ஜி இருந்தும் நெகட்டிவ் என்று காட்டும். பொதுவாக ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நம் வீடுகளில் சளிக்குக் கொடுக்கும் பல சிரப்களில் இந்த மருந்து ஒளிந்திருக்கும். பாட்டில்களை அப்படியே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும், முக்கியமாக இன்ஹேலரை, நிறுத்த வேண்டாம். வீசிங் இருக்கும் நாளில் தோல் பரிசோதனை செய்யக் கூடாது. ரத்தப் பரிசோதனைக்கு இந்த மருந்துத் தொல்லை இல்லை.

லெவோசெட்ரிசினோடு மான்டிலுகாஸ்ட் சேர்ந்த சிரப்பை மாதக்கணக்கில் கொடுத்துவருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மான்டிலுகாஸ்ட் மனநிலை, தூக்கம், நடத்தையில் மாற்றம் தரலாம் என்று 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. பிள்ளை திடீரென்று எரிச்சலாக, கெட்ட கனவு கண்டு எழுந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பாசிட்டிவ் வந்தா பூனையை விட்டுடணுமா?

தும்மல், மூக்கடைப்பு அளவில்தான் தொந்தரவு என்றால் உடனே முடிவெடுக்க வேண்டியதில்லை. குழந்தை படுக்கும் அறைக்குள் பூனைக்கு நிரந்தரத் தடை போடுங்கள். ராத்திரி மட்டும் போட்டால் போதாது, பகலிலும் வரக் கூடாது. துடைப்பத்தால் பெருக்கினால் துகள் மேலே கிளம்பும்; ஈரத்துணியால் துடையுங்கள். தொட்டு விளையாடியதும் கை கழுவ வேண்டும். பூனையைக் குளிப்பாட்டினால் சில நாளில் பழைய அளவுக்கே வந்துவிடும், பூனையும் மன்னிக்காது. டாக்டர் தரும் மூக்கு ஸ்ப்ரேயை ஒழுங்காகப் பயன்படுத்தினாலே பல பிள்ளைகளுக்குத் தொந்தரவு அடங்கிவிடும்.

ஆனால் ஆஸ்துமா இருந்து, டெஸ்ட்டும் பாசிட்டிவ், பூனையோடு இருக்கும்போதெல்லாம் வீசிங், மருந்துக்கும் அடங்கவில்லை என்றால், பூனைக்கு வேறு நல்ல வீடு பார்ப்பதுதான் சரி. இதில் பாசத்தைப் பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது.

வீடு பார்ப்பது என்றால் தெருமுனையில், மீன் மார்க்கெட்டில் இறக்கிவிடுவது கிடையாது. பட்டினி கிடக்கும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 முதல் 50 ரூபாய் (ஆமாம், பூஜ்யம் எதுவும் விடுபடவில்லை). அபராதத்தை விடுங்கள், வீட்டில் வளர்ந்த பூனைக்குத் தெருவில் பிழைக்கத் தெரியாது. தெரிந்தவர் வீடோ, தத்துக்கு ஏற்பாடு செய்யும் விலங்கு நல அமைப்போ கிடைக்க ஓரிரு வாரம் ஆகலாம். அதுவரை பூனையைக் குழந்தையின் அறைக்கு வெளியே வைத்துச் சமாளிக்கலாம்.

இடையில் ஒருநாள் குழந்தை பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, விலா எலும்பு உள்ளிழுத்தாலோ, உதடு நீலமானாலோ ரிப்போர்ட்டுக்கெல்லாம் காத்திருக்காமல் 108-க்கு அழையுங்கள்.