அது உதவி இல்லை, அவங்கட ஹக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன கிழமை பாடசாலை விட்ட நேரம் கேற்றடியில் ஒரு அம்மா நின்றார். என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மாயி. கையில் ஒரு சொப்பின் பை. அதற்குள் மடித்து மடித்துக் கிழிந்துபோன காகிதங்கள். 34 வருடம் கொழுந்து எடுத்தவர். வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் ஈ.பீ.எஃப். பணமும் வரவில்லை, சேவைக்காலப் பணமும் வரவில்லை.

ஏன் வரவில்லை? பிறப்புப் பதிவில் ஒரு பெயர். அடையாள அட்டையில் அதே பெயர், ஆனால் ஒரு எழுத்து குறைவு. தோட்டத்துப் பதிவில் வீட்டில் கூப்பிடும் பெயர். "மூணும் ஒரே ஆள்தான்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எங்கே வாங்குவது, யாரிடம் வாங்குவது என்று யாரும் சொல்லவில்லை. ஆறு தடவை அலைந்திருக்கிறார். துணைக்குப் போகும் மகளுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் பேர் இல்லை, பஸ் காசு வேறு.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். பிள்ளைகளின் கட்டுரையில் ஒரு எழுத்துப் பிழைக்கு அரைப் புள்ளி குறைப்பேன். இந்த அம்மாவுக்கு யாரோ ஒரு கிளார்க் விட்ட எழுத்துப் பிழைக்கு 34 வருட உழைப்பைக் குறைத்து வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நான் இதை எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டும் இல்லை. அவர் என்னிடம் சொன்ன ஒரு வார்த்தைக்காக. "சேர், கொஞ்சம் உதவி செய்ங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தன்னுடைய பணத்தைக் கேட்க ஒரு மனுசி ஏன் பிச்சை கேட்கிற மாதிரி நிற்க வேண்டும்? யார் அவரை அப்படிப் பழக்கியது?

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். ஏழைக்குச் சட்டமே இல்லை என்று நினைப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அது பிழை.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் வெட்ட வேண்டும். முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் போட வேண்டும். இரண்டையும் சேர்த்து அடுத்த மாதம் முடிவதற்குள் நிதிக்குக் கட்ட வேண்டும். பிந்தினால் தண்டம். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் வேலையை விட்டால் பணத்தை எடுக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் இன்னொரு 3 வீதம் கட்ட வேண்டும்.

அடுத்தது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்த நாள் சம்பளக்காரருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுத்து முடிக்க வேண்டும். தாமதித்தால் அதற்கும் தண்டம் உண்டு, 30 வீதம் வரைக்கும். கொடுக்காவிட்டால் தொழில் ஆணையாளர் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் அறவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். நாள் சம்பளம் 1350 ரூபா, சேவை 30 வருடம் என்றால் 14 × 30 × 1350. ஐந்து லட்சத்து அறுபத்தேழாயிரம் ரூபா. இது ஈ.பீ.எஃப். இல்லாமல், பணிக்கொடை மட்டும். நாம் நோன்பு காலத்தில் கொடுக்கும் உலர் உணவுப் பொதியின் விலை என்ன? எத்தனை பொதி கொடுத்தால் இந்தக் கணக்குக்குச் சமன் வரும்?

இதில் தமிழில் எழுத முடியாது என்று ஒரு பயம். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயப்படி அரச அலுவலகத்தில் தமிழில் எழுதவும் தமிழில் பதில் வாங்கவும் இந்த நாட்டுப் பிரசைக்கு உரிமை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும், தகவல் அதிகாரிதான் அதை எழுத்தில் பதிய வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று காரணம் கேட்கவும் முடியாது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவருக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கண்டியிலும் அதன் நிலையம் இருக்கிறது.

எல்லாம் இருக்கிறது என்று சொல்லி ஏமாற்றவும் மாட்டேன். அரசியலமைப்பின் 27ஆவது உறுப்புரை எல்லாப் பிரசைகளுக்கும் போதிய உணவு, உடை, வீடு என்று அழகாக வாக்குக் கொடுக்கிறது. இரண்டு உறுப்புரை தள்ளி 29ஆவது உறுப்புரை, இதை வைத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது என்று கதவைச் சாத்துகிறது. அதனால்தான் சொல்கிறேன். கதவு திறந்திருக்கும் சட்டங்களையாவது நாம் விட்டுவிடக் கூடாது.

அப்படியானால் எங்கே அறுந்து போகிறது? சட்டப் புத்தகத்துக்கும் லயத்துக்கும் இடையிலுள்ள பாதையில்.

முதலாவது, விலாசம். ஒரு தோட்டத்தில் நூற்றுக்கணக்கான குடும்பம். எல்லோருக்கும் ஒரே விலாசம், தோட்டத்தின் பெயர். கடிதம் கந்தோருக்கு வருகிறது. அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்து வந்த கதை நம் பாடசாலைப் பிள்ளைகளிடம் கேட்டால் தெரியும். 1841இல் ரொத்சைல்ட் தோட்டத்தில், நம் புசல்லாவை மண்ணில்தான் சீனத் தேயிலைக் கன்று நட்டுப் பார்த்தார்கள். செடிக்கும் ஏக்கருக்கும் அன்று முதல் கணக்கிருக்கிறது. அதைப் பராமரிக்கும் மனிதருக்குக் கதவு இலக்கம் இல்லை.

இரண்டாவது, பெயர். தமிழ்ப் பெயரை ஒருவர் ஆங்கிலத்திலும் ஒருவர் சிங்களத்திலும் காதில் விழுந்தபடி எழுதியதன் பலனை இந்த அம்மா அனுபவிக்கிறார். எழுதினவர் பென்சனோடு வீட்டில் இருப்பார்.

மூன்றாவது, நாள். அலுவலகம் திறக்கும் நேரமும் பெரட்டுக் களத்து நேரமும் ஒன்று. உரிமை கேட்கப் போனால் அன்றைய கூலி போகிறது.

இதற்கெல்லாம் முதல் பொறுப்பு யாருக்கு? வெட்டிய பணத்தைக் கட்டாத நிர்வாகங்களுக்கு. தொழிலாளியின் 8 வீதம் அவருடைய பணம். அதை வெட்டி எடுத்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பதற்கு நான் படிப்பிக்கும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. தனியாரை மட்டும் சொல்லவில்லை. அரசுக்குச் சொந்தமான ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் ஈ.பீ.எஃப்., பணிக்கொடை நிலுவை வைத்திருப்பது பாராளுமன்றம் வரைக்கும் பேசப்பட்ட விசயம். சட்டம் போட்ட அரசே கடன்காரனாக இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

அடுத்த பொறுப்பு தொழிற்சங்கங்களுக்கு. சந்தா மாதா மாதம் தவறாமல் வெட்டப்படுகிறது. அந்தச் சந்தாவுக்கு ஒரு சத்தியக்கடதாசி எழுதிக் கொடுக்க ஒருவரைத் தோட்டத்துக்கு அனுப்ப முடியாதா? தேர்தல் நேரம் வாகனம் லயத்து வாசல் வரைக்கும் வருகிறதே.

மூன்றாவது பொறுப்பு நமக்கு. டவுனில் இருக்கும் நமக்கு. இங்கேதான் கோபம் வரும் என்று சொன்னேன்.

நாம் கொடுக்காதவர்கள் இல்லை. மண்சரிவு என்றால் ஓடுகிறோம். சமைத்துக் கொடுக்கிறோம். பெருநாளைக்குப் பொதி கொடுக்கிறோம், படமும் போடுகிறோம். ஆனால் நம் மார்க்கம் ஸகாத்தை எப்படிப் படிப்பித்தது? அது கொடுப்பவன் காட்டும் தயவு இல்லை, நம் சொத்துக்குள் கிடக்கும் ஏழையின் ஹக்கு என்று. கூலிக்காரனின் கூலியைத் தாமதிக்காதே என்று சொல்லித் தந்த மார்க்கமும் இதுதான். அப்படிப் படித்த நாம் ஹக்கை மறந்துவிட்டுப் பொதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

இன்னும் கிட்டே வருகிறேன். நம் கடைகளில் நிற்கும் பொடியன்மாருக்கு ஈ.பீ.எஃப். கட்டுகிறோமா? அந்தச் சட்டத்துக்கு ஒரு தொழிலாளி இருந்தாலே போதும். தற்காலிகமாக நிற்கிறார் என்பதும் காரணமாகாது. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சம்பளத்தோடு லீவும் இருக்கிறது. "சாப்பாடும் தங்க இடமும் குடுக்கிறோம்தானே" என்று சொல்கிறோம். தோட்டத்துத் துரையும் அதைத்தான் சொன்னார், லயம் தந்திருக்கிறோம்தானே என்று. பொடியன் 20 வருடம் நம் கல்லாவைக் காத்துவிட்டுப் போகும்போது கையில் ஒரு சாரனும் இரண்டாயிரம் ரூபாவும் வைத்து அனுப்புகிறோம். அதையும் ஸதகா என்று எழுதிக்கொள்கிறோம்.

சிலர் என்ன கேட்பார்கள் என்று தெரியும்.

"அவங்களுக்குக் காசு கிடைச்சா குடிச்சு முடிச்சிடுவாங்க சேர்." உங்கள் வங்கிப் பணத்தை எடுக்கப் போகும்போது என்ன செய்யப் போகிறாய் என்று மனேஜர் கேட்கிறாரா? நான் பார்த்த வரைக்கும் இந்தப் பணம் வந்த வீட்டில் கூரைத் தகரம் மாறியிருக்கிறது, பேத்தியின் படிப்புச் செலவு நடந்திருக்கிறது. அப்படியே ஒருவர் வீணாக்கினாலும் அது அவருடைய பணம்.

"ஆசிரியருக்கு ஏன் அரசியல்?" நான் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்கவில்லை. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தக் கேட்கிறேன். அது என் தொழில்.

"நம்மட சனமே கஷ்டத்தில கிடக்கு." உண்மைதான். அஸ்வெசும பட்டியலில் பெயர் விடுபட்ட வீடுகள் நம் மஹல்லாவிலும் இருக்கின்றன. அவர்களும் இதே படியில்தான் ஏறி இறங்குகிறார்கள். மேன்முறையீட்டை எழுதப் பழகிய கை எல்லோருக்கும் எழுதும்.

சரி, என்ன செய்வது? மூன்று விசயம் சொல்கிறேன்.

ஒன்று. எழுத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்திருங்கள். கையில் கொடுத்தால் பிரதியில் சீல் வாங்குங்கள். வாயால் கேட்டது வாயோடு போய்விடும்.

இரண்டு. வேலையில் இருக்கும்போதே பெயரைச் சரிபாருங்கள். அடையாள அட்டை, பிறப்புப் பதிவு, சம்பளத் துண்டு, ஈ.பீ.எஃப். பதிவு, நான்கிலும் ஒரே எழுத்தா என்று பாருங்கள். 25 வயதில் ஒரு நாளில் திருத்தலாம். 60 வயதில் அது ஆறு தடவை அலைச்சல். உயர்தரப் பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போய் அம்மாவின் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். இதுதான் உங்களுக்கு இந்தக் கிழமை வீட்டுப்பாடம்.

மூன்று. வாற ஞாயிற்றுக்கிழமை காலை நானும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் டவுனில் ஒரு மேசை போட்டு உட்காரப் போகிறோம். ஒரு கடைக்காரர் தன் கடை முன்பக்கத்தைத் தந்திருக்கிறார். கடிதம் எழுதித் தருவோம், படிவம் நிரப்பித் தருவோம். காசு இல்லை, படம் எடுக்க மாட்டோம். சமாதான நீதவான்மார் நம் ஊரில் பலர் இருக்கிறீர்கள். போர்டில் பெயர் போட்டிருக்கிறீர்கள். ஒரு மணித்தியாலம் வந்து சத்தியக்கடதாசிக்குக் கையொப்பம் போட்டுவிட்டுப் போங்கள். பள்ளிவாசல், கோயில் நிர்வாகங்களிடமும் கேட்கிறேன். அடுத்த தடவை பொதி கட்டும்போது, பத்துப் பொதிக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுங்கள்.

அந்த அம்மாவுக்கு அன்றே எழுதினோம். மூன்று பெயரும் ஒருவரே என்ற சத்தியக்கடதாசிக்கு ஒன்று, தொழில் திணைக்களத்துக்கு ஒன்று, தோட்ட நிர்வாகத்துக்கு ஒன்று. பணம் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன், வராவிட்டாலும் சொல்கிறேன்.

எழுதி முடித்ததும் அவர் மறுபடியும் கும்பிட்டார். "புண்ணியவான் சேர் நீங்க" என்றார். நான் சொன்னேன், "அம்மா, இது புண்ணியம் இல்ல. ஒங்க காசு. அடுத்த தடவ ஆபீசுக்குப் போகும்போது கும்பிடாம நின்னு கேளுங்க."

அவர் சிரித்தார். "கும்பிடாம கேட்டா தருவாங்களா சேர்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நம் ஊரிடம் இருக்கிறதா?

தோட்டத்தில் யாருக்காவது போய்ச் சேரட்டும். பகிருங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.