டிக்கெட்டுக்கு ஒரு பவுண்டு: சட்டம் எங்கே?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ஐவர் இசைக்குழு ‘ஹ்யூமர்’. அதன் முதல் முழு ஆல்பம் ‘லேர்னிங் கிரீக்’ 2025 ஆகஸ்டில் வந்தது. பாடகர் ஆண்ட்ரியாஸ் கிறிஸ்டோடூலிடிஸ், அப்பாவின் மொழியான கிரேக்கத்தை வளர்ந்த பிறகு மறுபடி கற்கத் தொடங்கியவர். அந்தத் தவிப்பையே ஆல்பத்தின் பெயராக வைத்துவிட்டார். பேச்சா, அலறலா என்று பிரிக்க முடியாத குரல். அதன் அடியில் கிட்டார்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளுகின்றன. இதைக் கேட்டதும் “1980-இன் போஸ்ட்-பங்க் நகல்” என்று முத்திரை குத்துகிறவர்கள், காதை மூடிக்கொண்டு பேசுகிறார்கள்.

என் ஆத்திரம் அவர்கள்மேல் அல்ல; இப்படிப்பட்ட குழுக்கள் வளரும் சின்ன அரங்குகளைக் கைவிடும் பிரிட்டன் அரசின்மேல். ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்குகளின் டிக்கெட்டில் ஒரு சிறு தொகையை எடுத்து, சின்ன அரங்குகளுக்குத் தரவேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. செப்டம்பருக்குள் இசைத்துறை தானாக இறங்கி வராவிட்டால் சட்டம் போடுங்கள் என்று 2024 மே மாதம் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு சொன்னது. செப்டம்பர் கடந்தது. நவம்பரில் அரசு, “தாமாகவே தரட்டும்” என்றது.

கிளாஸ்கோவின் ஹைட்ரோ அரங்கில் சுமார் 14,000 பேர் கூடலாம். தலைக்கு ஒரு பவுண்டு என்றால் ஒரே இரவில் 14,000 பவுண்டு! சின்ன அரங்குகளுக்கோ 2023-இல் கிடைத்த சராசரி லாபம் அரை சதவீதம். அந்த ஓராண்டில் மட்டும் பிரிட்டனில் 125 அரங்குகளில் இசை நின்றுபோனது.

இப்படிப்பட்ட சின்ன இடங்களில்தான் எல்லாமே பிறந்தது. 1980-இல் ‘போஸ்ட்கார்டு’ இசைத்தட்டு நிறுவனத்தை ஆலன் ஹோர்ன் நடத்தியது கிளாஸ்கோவின் வெஸ்ட் பிரின்சஸ் தெருவில், தான் குடியிருந்த வீட்டில். அந்த வீட்டிலிருந்து ‘ஆரஞ்சு ஜூஸ்’ குழு வந்தது. அதன் பாடகர் எட்வின் காலின்ஸும் நண்பர்களும் பங்க் இசையின் முரட்டுத்தனத்தோடு ‘ஷிக்’ குழுவின் நடனத் தாளத்தைச் சேர்த்தார்கள், கிட்டார் சிணுங்கியது. எடின்பரோவிலிருந்து வந்த ‘ஜோசப் கே’ குழு, பதிவுசெய்து முடித்த முதல் ஆல்பத்தைப் பிடிக்கவில்லை என்று தூக்கிப்போட்டுவிட்டு, 1981-இல் புதிதாகப் பதிவுசெய்தது. அன்று போஸ்ட்கார்டு வெளியிட்ட ஒரே முழு ஆல்பம் அதுதான். இருபதாண்டுக்குப் பின் ‘ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட்’ குழு, கிளாஸ்கோவில் பாழடைந்த கிடங்கு ஒன்றுக்கு ‘ஷாட்டோ’ என்று பெயர் சூட்டி அங்கேயே வாசித்தது. 2004-இல் பிரிட்டனின் மெர்க்குரி இசைப் பரிசை வென்றது. வாடகை கழுத்தை நெரிக்காத ஓர் அறை இல்லாமல் இந்த வரிசையில் எது நடந்திருக்கும்?

“திறமை இருந்தால் சந்தை தூக்கிவிடும்” என்கிறார்கள். வெட்டிப் பேச்சு. தோற்றுப்போகவும் இடம் தராத ஊரில் திறமை எங்கே பழகும்? தாமாகக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்தான். ‘கோல்ட்ப்ளே’ 2025-இன் பிரிட்டன் நிகழ்ச்சி வருமானத்தில் பத்து சதவீதத்தைச் சின்ன அரங்குகளுக்காக ஒதுக்கியது. ஒரு கோல்ட்ப்ளேயின் நல்ல மனதை நம்பி ஒரு நாட்டின் இசையை நடத்த முடியாது.

சட்டம் வராவிட்டால், ஹ்யூமருக்குப் பிறகு கிளாஸ்கோவிலிருந்து இன்னொரு குழு வராது. நூறு பேர் நிற்கும் சின்ன அரங்கின் இடத்தில் நாளை குடியிருப்பு எழும். கிட்டார் சத்தம் தாங்கவில்லை என்று அங்கே குடியிருப்பவர்கள் புகார் கொடுப்பதற்குக்கூடப் பக்கத்தில் ஒரு குழுவும் மிஞ்சியிருக்காது.